கூரைக்குள் அமோனியா: எது போகும், எது போகாது

தெஹிவளையில் எங்கள் வீட்டுச் சீலிங்குக்கு மேலே ஒரு நாள் இரவு பத்தரை மணிபோல ஆள் நடக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. டக், டக், டக். அப்புறம் எதையோ இழுக்கிற சத்தம். அம்மா கள்ளன்தான் என்று முடிவுகட்டி வீட்டு விளக்கெல்லாம் போட்டுவிட்டார். மறுநாள் வெள்ளவத்தையிலிருந்து வந்த மாமா கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கள்ளனும் இல்லை, பேயும் இல்லை. மரநாய். அமோனியா வாங்கி ஒரு கோப்பையில ஊத்தி மேல வை தம்பி, ஒண்டும் கிட்ட வராது."

இந்த யோசனை மாமாவிடம் மட்டும் இல்லை. எலிக்கு அமோனியா, பூனைக்கு அமோனியா, குப்பைப் பையைக் கிழிக்கும் நாய்க்கு அமோனியா, பாம்புக்குக்கூட அமோனியா என்று சொல்பவர்கள் உண்டு. நானும் வாங்கி வைத்தேன். மூன்று இரவு ஒரு சத்தமும் இல்லை. மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து நன்றிகூடச் சொன்னேன். நான்காவது இரவு மறுபடியும் டக், டக், டக்.

முதல் மூன்று இரவு ஏன் அமைதி, நான்காவது இரவு ஏன் சத்தம் என்பது விளங்கினால், அமோனியாவைப் பற்றி ஒரு வீட்டுக்காரருக்குத் தெரியவேண்டியதில் பாதி விளங்கிவிடும்.

அமோனியா ஒரு வாயு. ஒரு நைதரசன் அணுவும் மூன்று ஐதரசன் அணுக்களும் சேர்ந்தது. −33 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும் என்பதால் நம் ஊர் வெயிலில் அது திரவமாக இருக்க வழியே இல்லை. கடையில் போத்தலில் விற்பது, அந்த வாயுவைக் கரைத்துவைத்த தண்ணீர். வீட்டுப் பாவனைக்கென்று விற்கும் கரைசலில் பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 10 வரை அமோனியா இருக்கும். ஆய்வுகூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போகிற கரைசல் 25 முதல் 30 வரை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, நிறமில்லாத தண்ணீர்தான். இரசாயனக் கடையில் லேபல் ஒழுங்காக இல்லாத போத்தலைத் தந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். கெட்டியான கரைசல் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்ப்பது, மூக்கிலும் கண்ணிலும் அறை வாங்குவதற்குச் சமம்.

மணம் உங்களுக்குப் பழக்கமானதுதான். தலைமுடிக்குப் பூசும் டையில் கண்ணைக் கரிக்கவைக்கும் நெடி அமோனியா. பிஸ்கட் பைக்கற்றின் பின்பக்கத்தில் 503 என்ற எண் இருந்தால், மாவைப் பொங்கவைக்க அமோனியம் காபனேற்று வகை உப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேகும்போது வாயு போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. இறப்பர்ப் பால் கட்டியாகாமல் இருக்க அதில் சேர்ப்பதும் இதைத்தான். பள்ளிக்கூடத்தில் நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கி, டீச்சர் எல்லோரையும் யன்னல் பக்கம் துரத்திய நாள் ஞாபகம் இருந்தால், அந்த வாசமும் இதுவே.

சரி, விலங்குகள் ஏன் இதற்கு ஓடவேண்டும்? ஊரில் சொல்லப்படும் காரணம் ஒன்று, உண்மையான காரணம் இன்னொன்று.

ஊர்க் காரணம் இது: அமோனியா மூத்திர நாற்றம் அடிக்கும், எலி அதைப் பூனையின் மூத்திரம் என்று நினைத்துப் பயந்து ஓடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாகப் பெய்த மூத்திரத்தில் இருப்பது பெரும்பாலும் யூரியா. பக்டீரியாக்கள் யூரியாவை உடைத்த பிறகுதான் அமோனியா வரும். அதனால்தான் பொதுக் கழிப்பறை காலையில் நாறுவதைவிட மத்தியானம் அதிகம் நாறுகிறது. இந்த வேலை எந்த மூத்திரத்திலும் நடக்கும், எலியின் சொந்த மூத்திரம் உட்பட. எலி வளைக்குள் அமோனியா நெடி சாதாரண விசயம். ஆய்வுகூடத்தில் எலி வளர்ப்பவர்கள் கூட்டை நேரத்துக்குக் கழுவாவிட்டால் அமோனியா ஏறி எலிகளின் சுவாசப்பாதையே பழுதாகிவிடும். தன் வீட்டிலேயே எந்நேரமும் இருக்கிற ஒரு மணத்தை எலி ஏன் பூனை என்று நினைக்கப்போகிறது?

மாமிசம் தின்னும் விலங்குகளின் மூத்திரத்துக்கு எலி உண்மையிலேயே ஒதுங்கும். ஆனால் அதற்குக் காரணமாக 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது 2-பினைல்எதிலமைன் என்ற வேறொரு பொருளை. நம் போத்தலில் அது இல்லை.

உண்மையான காரணம் அவ்வளவு சுவாரசியமானது அல்ல. அமோனியா எரிக்கும். தண்ணீரைக் கண்டால் விடாத வாயு அது. கண், மூக்கு, தொண்டை என்று ஈரம் உள்ள இடத்திலெல்லாம் கரைந்து காரமாகிவிடும். வெங்காயம் உரிக்கும்போது நாம் முகத்தைத் திருப்புகிறோமே, விலங்கு விலகுவதும் அப்படித்தான். அதில் பயம் இல்லை, வெறும் எரிச்சல். எரிச்சல் நின்றால் திரும்பி வந்துவிடும்.

எரிச்சல் எப்போது நிற்கும் என்பதில்தான் என் கோப்பை தோற்றது. வெயில் ஏறிய அஸ்பெஸ்டஸ் தகட்டுக்குக் கீழே, கையைக்கூட வைக்க முடியாத சூட்டில், அந்தக் கோப்பையை வைத்திருந்தேன். சூட்டில் கரைசலிலிருந்து முதலில் கிளம்புவது அமோனியா. தண்ணீர் மெதுவாகத்தான் போகும். அமோனியா காற்றின் எடையில் ஏறத்தாழ 0.6 பங்குதான் என்பதால் மேலே எழுந்து, தகட்டின் மடிப்பு ஓட்டைகள் வழியாக வானத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் நாள் ஏணி வைத்து எட்டிப் பார்த்தேன். கோப்பையில் முக்கால்வாசி இன்னும் இருந்தது. "மருந்து இருக்கிறது" என்று நிம்மதியாக இறங்கி வந்தேன். அங்கே இருந்தது வெறும் தண்ணீர் என்பது அப்போது தெரியவில்லை.

அப்படியானால் மீதி இரவுகள் ஏன் அமைதி? மரநாய் ஒரே இடத்தில் தினமும் படுக்கிற பிராணி இல்லை. பகலில் தூங்க அதற்கு மரப்பொந்து, கித்துள் உச்சி, பக்கத்து வீட்டுக் கூரை என்று பல இடங்கள் உண்டு. மாறி மாறிப் படுக்கும். என் அமோனியாவைப் பார்த்துப் போனதோ, அந்த வாரம் எப்படியும் வேறு கூரைக்குப் போகவேண்டிய முறையோ, யாருக்குத் தெரியும்.

எலி விசயத்தில் இந்த ஏமாற்று இன்னும் அழகாக நடக்கும். எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம். வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு செங்கல்லை வைத்தாலும் சில நாள் ஒதுங்கிப் போகும். குசினி அலுமாரிக்குக் கீழே அமோனியா நனைத்த துணியை வைத்தவர், "இரண்டு நாள் எலி வரவே இல்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அதே இடத்தில் தண்ணீரில் நனைத்த துணியை வைத்திருந்தாலும் இரண்டு நாள் வராமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். இந்தச் சந்தேகக் குணம்தான் கற்பூர உருண்டை, மிளகாய்த்தூள், புதினா எண்ணெய் என்று எல்லா வீட்டு வைத்தியத்துக்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறது.

"அப்படியென்றால் இன்னும் கெட்டியாக, இன்னும் நிறைய வைத்தால்?" என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் எலியின் மூக்கை எரிப்பது நம் மூக்கையும் எரிக்கும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு முழு வேலைநாளுக்கு வைத்திருக்கும் எல்லை காற்றின் பத்து இலட்சம் பங்கில் 25 பங்கு அமோனியா. 300 பங்கு என்றால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தியிருக்கிறது. மூடிய சீலிங்கிலிருந்து ஒரு விலங்கை நிரந்தரமாக விரட்டும் அளவு நெடி ஏற்றினால், அது கீழே படுக்கையறைக்கும் வரும். ஃப்ளாட் என்றால் இன்னும் மோசம். வாயு மேலே போகும் என்று சொன்னேனே, உங்கள் மூன்றாம் மாடிக் குழாய்ப் பொந்தில் ஊற்றியது நான்காம் மாடி அன்ரியின் பாத்ரூமுக்குத்தான் போகும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கூண்டுக் கிளி இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். மீன் தொட்டி உள்ள அறையிலும் வேண்டாம். அமோனியா தண்ணீரில் கரைந்து மீனைக் கொல்லும்.

இன்னொன்று. மரநாயோ பூனையோ கூரைக்குள் வருவது பல நேரம் குட்டி போடத்தான். தாய் நெடி தாங்காமல் வெளியே பாய்ந்துவிடும். கண் திறக்காத குட்டி எங்கே பாயும்? அந்த நெடிக்குள்ளேயே கிடந்து சாகும். பிறகு வரும் நாற்றத்துக்கு எந்தப் போத்தலும் கடையில் கிடையாது.

இனி முக்கியமான எச்சரிக்கை. இதை மட்டும் வாசித்தாலும் போதும்.

எலிக்காய்ச்சல் நம் நாட்டில் புதிதல்ல. 2008-இல் 7,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருக்கலாம் என்று பதிவானது. அதனால் எலி மூத்திரம், எச்சம் கண்ட இடத்தைப் பிளீச் ஊற்றிக் கழுவுவது பல வீடுகளில் பழக்கம். அதில் தவறில்லை. அமோனியா வைத்த இடத்திலேயே பிளீச் ஊற்றினால்தான் விபரீதம். இரண்டும் சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சு வாயுக்கள் கிளம்பும். இருமல் வரும், கண் எரியும், நெஞ்சு இறுகும். கூடுதலாகச் சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர்கூடக் கோர்க்கலாம், அதுவும் சில மணிநேரம் கழித்து. சின்னப் பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாக ஊற்றினால் நன்றாகச் சுத்தமாகும் என்று நினைத்துச் செய்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு மூலை உண்டு. அமோனியா போத்தல் உங்கள் வீட்டில் இல்லாமலே இது நடக்கலாம். மரநாய் மாதக்கணக்கில் மூத்திரம் பெய்து மஞ்சள் படிந்த சீலிங் பலகையில் பழைய மூத்திரம் ஏற்கெனவே அமோனியாவாகிக் கிடக்கிறது. அதன்மேல் நேராகப் பிளீச் ஊற்றினால் அதே வாயு. யன்னல்களைத் திறந்து, கையுறை போட்டு, முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். நன்றாகக் காய்ந்து நெடி போன பிறகு வேண்டுமானால் நீர்த்த பிளீச். இடையில் மூச்சு முட்டினால் வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்கவேண்டாம். அப்படியே போட்டுவிட்டு வெளியே வாருங்கள். மூச்சுத்திணறல் குறையாவிட்டால் 1990-க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். அமோனியா கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணிநேரம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவி, அப்புறம் ஆஸ்பத்திரி.

உலோகத்துக்கும் இது ஆகாது. பித்தளையையும் செம்பையும் அமோனியா அரிக்கும். பிரித்தானியர் காலத்து இந்தியாவில் மழைக்காலம் முடியும்வரை குதிரை லாயங்களில் சேமித்துவைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. ஏனென்று தெரியாமல் வெகுகாலம் குழம்பினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்பது 1921-இல்தான் தெளிவானது. உங்கள் சீலிங்கில் குதிரை இல்லை, ஆனால் மின்கம்பி இணைப்புகளும் ஏசியின் செம்புக் குழாயும் இருக்கின்றன. சாமி அறைக் குத்துவிளக்குக்குப் பக்கத்திலும் இந்தக் கோப்பையை வைக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அமோனியாவுக்கு ஓர் இடமும் இல்லையா என்றால், இருக்கிறது, சின்னதாக. வெட்டவெளியில், சிறிது நேரத்துக்கு, வாயில் கடிக்க வரும் விலங்குக்கு. குப்பை எடுக்கும் நாளில் அதிகாலை வாசலில் வைக்கும் பையை லொறி வரும்வரை நாய் கிழிக்காமல் இருக்கவேண்டும், அவ்வளவுதானே? பையின் வெளிப்பக்கத்தில் வீட்டு அமோனியாவைக் கொஞ்சம் தெளித்தால், நாய் மூக்கை வைத்துவிட்டுத் திருப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஓரிரு மணிநேரம் என்றால் இந்தக் கணக்கு சரிவரும். மழை பெய்தால் சரிவராது, ஐப்பசி மாதத்தில் முயற்சிகூடச் செய்யாதீர்கள். குப்பைப் பைக்குள் பிளீச் போத்தல் எறிந்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காகத்திடம் இந்தத் தந்திரத்தை நம்பவேண்டாம். அதற்கு மூடி போட்ட வாளிதான்.

பூனை மூத்திரம் பெய்த மூலைக்கு அமோனியா போடுவது மட்டும் நேர் எதிரான வேலை. பழைய மூத்திரத்தின் வாசம் அதிலும் இருப்பதால், பூனை "யாரோ என் இடத்தில் பெய்துவிட்டான்" என்று மேலும் ஒரு தடவை பெய்துவிட்டுப் போகும். பாம்புக்குப் பலன் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. மதிலோரம் கபரகொய்யா (நீர் உடும்பு) வந்தால் சும்மா விடுங்கள். கொழும்பு 2018-இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர். சதுப்பும் வாய்க்காலும் இருக்கும்வரை அது வரும், போகும். உங்கள் வீட்டு எலியையும் பிடித்துக்கொண்டு போகும்.

எங்கள் மரநாய்க்கு வருவோம். போத்தலை மூடிவைத்துவிட்டு நான் செய்தது துப்பறியும் வேலை. மதில் மேலே எச்சம் கிடந்தது, முழுக்க முழுக்கப் பழக்கொட்டை. எலியின் எச்சத்தில் இப்படி முழுக் கொட்டை இருக்காது. இன்னொரு அடையாளம் மணம். இரவு யாரும் சமைக்காத நேரத்தில் யன்னல் பக்கம் ரம்பை இலை வாசம் அடித்தால், மரநாய் அந்தப் பக்கம் போயிருக்கிறது. அம்மா அதுவரை பக்கத்து வீட்டில் நேரங்கெட்ட நேரத்தில் கறி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து மாமரத்தின் ஒரு கிளை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, தகடும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு கை நுழையும் ஓட்டை, விளிம்பெல்லாம் உடம்பு உரசிய கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. அந்த ஓட்டையில் பழைய பேப்பரைத் தளர்வாகச் சுருட்டிச் செருகினேன். மறுநாள் காலையில் பேப்பர் வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தது. ஆள் உள்ளே இருக்கிறார். தொடர்ந்து சில நாள் பகலில் காதை வைத்துக் கேட்டேன், குட்டிகளின் கீச்சுச் சத்தம் இல்லை. டோர்ச் அடித்தும் பார்த்தேன். குட்டி இருந்திருந்தால் அவை வளர்ந்து தாயோடு வெளியே போகும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

அப்புறம் கிளையை வெட்டினோம். திரும்பச் செருகிய பேப்பர் இரண்டு இரவு அசையாமல் இருந்த மறுநாள் மேசன் பாஸைக் கூப்பிட்டு, பழைய சோனகத் தெருவில் வாங்கிய கம்பி வலையை வைத்துச் சீமெந்து பூசி அடைத்தோம். வலை வாங்கும்போது அதன் கண்கள் சின்னதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய எலி அரை அங்குல இடைவெளியில் நுழைந்துவிடும். சுண்டெலிக்குக் கால் அங்குலம், அதாவது ஒரு பென்சில் போகும் ஓட்டை போதும். வெறும் சீமெந்தை எலி பல்லால் சுரண்டிவிடும், உள்ளே வலை இருந்தால் பல் இறங்காது. குசினியில் கான் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம், காஸ் குழாய் வரும் இடம், பின்கதவின் அடி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். அநேகமாக எலி அவற்றில் ஒன்றில்தான் வந்துகொண்டிருக்கும். கூடவே இரவில் அரிசி மூட்டையும் நாயின் சாப்பாட்டுக் கோப்பையும் வெளியே கிடக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எலி 21 முதல் 23 நாளில் குட்டி போடும், இரண்டு மூன்று மாதத்தில் அந்தக் குட்டியும் குட்டி போடத் தயாராகிவிடும். சாப்பாடு இருக்கும்வரை அந்தக் கணக்கை எந்த மணமும் முந்தாது.

வலை அடித்து எட்டு மாதம் ஆகிறது. மரநாய் இன்னும் எங்கள் மதில் மேல்தான் நடக்கிறது, சில இரவு ரம்பை வாசம் வரும். கூரைக்குள் மட்டும் சத்தமில்லை. மாமாவிடம் வலைக்கதையைச் சொன்னேன். "அதுதானே, அமோனியா மணத்துக்குத்தான் பயந்து நிக்குது" என்றார். மீதி இருந்த அரைப் போத்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கலந்து அம்மா யன்னல் கண்ணாடி துடைத்தார். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது.